கைக்கு ஓய்வு, கண்ணுக்குக் காவல்

அமெரிக்காவில் நெடுந்தூரம் கார் ஓட்டுகிறவர்களிடம் இப்போது அடிக்கடி கேட்கிற பேச்சு இது: "ஹைவேல ஏறினதும் கையை எடுத்துட்டேன். எக்ஸிட் வர்ற வரைக்கும் அதுவே ஓட்டிச்சு." இதில் மிகை இல்லை. ஜெனரல் மோட்டார்ஸ் 2017இல் கேடிலாக் சிடி6 காரில் 'சூப்பர் குரூஸ்' வசதியைக் கொண்டுவந்தது. 2021இல் ஃபோர்டு 'புளூகுரூஸ்' வசதியோடு களமிறங்கியது. இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு 110 கிலோமீட்டர் வேகத்தில் போவது அங்கே பலருக்கு அன்றாட வழக்கமாகிவிட்டது.

டெக்சஸில் டாலஸுக்கும் ஹூஸ்டனுக்கும் இடையே ஐ-45 சாலையில் இப்படிப்பட்ட காரை ஓட்டிப் பழகியவன் என்ற முறையில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வசதி உடம்பின் களைப்பை உண்மையாகவே குறைக்கிறது. ஆனால் மனிதனால் நெடுநேரம் செய்ய முடியாத ஒரு வேலையை அவன் தலையில் கட்டுகிறது. இரண்டையும் சேர்த்து எடைபோடாமல் இதைப் புகழ்வதும் தவறு, பழிப்பதும் தவறு.

எப்படி ஓட்டுகிறது?

முன்னால் போகும் வண்டிக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற குரூஸ் கண்ட்ரோல் பழைய சங்கதி. லேன் கோடுகளைக் கேமராவால் பார்த்து ஸ்டியரிங்கைத் திருப்புவதும் இன்று பல கார்களில் உண்டு. கையை எடுக்கவிடும் கார்களில் இவற்றுக்கு மேல் இரண்டு ஏற்பாடுகள் இருக்கின்றன.

ஒன்று, முன்கூட்டியே தகுதி பார்த்த சாலைகளில் மட்டுமே அனுமதி. ஜெனரல் மோட்டார்ஸ் லைடார் என்ற லேசர் அளவுக் கருவியால் சாலைகளை அளந்து வரைபடம் தயாரித்தது. ஃபோர்டு தொடக்கத்திலேயே ஒரு லட்சம் மைலுக்கு மேற்பட்ட, நடுவில் தடுப்புள்ள நெடுஞ்சாலைகளை ஒதுக்கியது. தொடக்கத்தில் இவை சிக்னலோ குறுக்குச் சாலையோ எதிரே வரும் வண்டியோ இல்லாத சாலைகளாக இருந்தன.

இரண்டு, ஓட்டுநரைப் பார்க்கும் கேமரா. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் உள்ள இந்தச் சின்ன அகச்சிவப்புக் கேமரா தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, கண் எங்கே பார்க்கிறது என்று ஓயாமல் கவனிக்கிறது. பார்வை சாலையை விட்டு விலகினால் எச்சரிக்கும். அப்போதும் திரும்பவில்லை என்றால் சூப்பர் குரூஸ் படிப்படியாக வேகத்தைக் குறைத்து வண்டியை நிறுத்தி, உதவி மையத்தையும் அழைக்கும்.

நிறைகள்

டாலஸிலிருந்து ஹூஸ்டன் சுமார் 240 மைல், நான்கு மணி நேரப் பயணம். சமவெளியில் பக்கவாட்டுக் காற்று அடிக்கும்போது ஸ்டியரிங்கை நூலிழை நூலிழையாகத் திருத்திக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு திருத்தமும் அற்பமானதுதான். நான்கு மணி நேரம் சேர்ந்தால் தோளும் கழுத்தும் மரத்துப்போகும். அந்த வேலையைக் கார் எடுத்துக்கொண்டால், இறங்கும்போது உடம்பு உடம்பாக இருக்கிறது. ஹூஸ்டன் நெரிசலில் நின்று நின்று நகரும்போது காலுக்கும் இதே நிம்மதி. மூட்டுவலி உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் இது சொகுசு என்ற கணக்கில் வராது. ஊர் போய்ச் சேர முடியுமா, முடியாதா என்பதையே இது தீர்மானிக்கலாம்.

கவனத்திலும் ஒரு லாபம் உண்டு. லேனுக்குள் வண்டியை வைத்திருக்கும் வேலை குறைந்தால், மூன்று நான்கு வண்டிகளுக்கு அப்பால் எரியும் பிரேக் விளக்கையும், பின்னாலிருந்து வேகமாக வருகிறவனையும் முன்கூட்டியே பார்க்க முடிகிறது. மடியில் கிடக்கும் போனைக் குனிந்து பார்த்தாலே கேமரா கண்டிக்கிறது. எந்தப் போலீஸ்காரராலும் இப்படிக் கூடவே உட்கார்ந்து கண்டிக்க முடியாது. ஸ்டியரிங்கில் அழுத்தம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்த பழைய முறையை ஏமாற்ற, ஸ்டியரிங்கில் மாட்டும் எடையையே ஒரு நிறுவனம் விற்றது. அதை நிறுத்தும்படி அமெரிக்க அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2018இல் உத்தரவிட வேண்டியிருந்தது. அந்த முறையோடு ஒப்பிட்டால் கேமரா பெரிய முன்னேற்றம்.

சிவப்பு எரியும் நேரம்

குறைகள் தெரிவது சாலைப் பணி நடக்கும் இடத்தில். ஆரஞ்சு நிற டிரம்களை வரிசையாக வைத்து லேனை ஒதுக்கியிருப்பார்கள். பழைய வெள்ளைக் கோட்டைச் சுரண்டி அழித்த தடம், காலை வெயில் சாய்வாக விழும்போது புதுக் கோட்டை விடப் பளிச்சென்று மின்னும். கார் எந்தக் கோட்டை நம்புவது என்று ஒரு கணம் தடுமாறி டிரம் பக்கம் லேசாகச் சாய்கிறது. பீப் சத்தம் எழுகிறது. டேஷ்போர்டில் சிவப்பு எழுத்து: ஸ்டியரிங்கைப் பிடி.

அந்த நொடியில் ஓட்டுநர் செய்ய வேண்டியவை எத்தனை! கை ஸ்டியரிங்குக்குப் போக வேண்டும். எது நம் லேன் என்று கண் முடிவு செய்ய வேண்டும். பக்கத்தில் லாரி இருக்கிறதா, பின்னால் வருகிறவன் எவ்வளவு நெருக்கம் என்று பார்க்க வேண்டும். 110 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு முப்பது மீட்டர் ஓடுகிறது. மூன்று நொடி தடுமாறினால் தொண்ணூறு மீட்டர் போய்விடும். இத்தனை நேரமும் கையிலேயே ஓட்டி வந்தவனுக்கு இவற்றில் பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கும். கையை எடுத்து உட்கார்ந்திருந்தவனோ எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. வேலை எளிதாக இருக்கும்போது காரும், கடினமாகும்போது மனிதனும் ஓட்டுவதுதான் இங்கே உள்ள பங்கீடு. இயந்திரம் மனிதனின் வேலையில் எளிய பகுதியை எடுத்துக்கொண்டு கடினமான பகுதியை அவனுக்கே விட்டுவிடுகிறது என்று லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற உளவியலாளர் 1983லேயே எழுதினார். அவர் பேசியது தொழிற்சாலைகளையும் விமானங்களையும் பற்றி. இன்று அது வீட்டுக் காருக்கும் பொருந்துகிறது.

நின்றிருக்கும் வண்டி

சிவப்பு எரிந்தால் தப்பிக்க வழியாவது உண்டு. எச்சரிக்கையே வராத இடம்தான் மிகக் கொடியது.

2024 பிப்ரவரியில் டெக்சஸின் சான் அன்டோனியோவில், ஐ-10 நெடுஞ்சாலையின் நடு லேனில் இரவில் ஒரு ஹோண்டா கார் நின்றிருந்தது. புளூகுரூஸ் இயக்கத்தில் வந்த ஃபோர்டு மஸ்டாங் மாக்-இ அதன் மேல் மோதியது. ஹோண்டாவில் இருந்தவர் இறந்தார். அடுத்த மாதமே ஃபிலடெல்பியாவில் ஐ-95 சாலையில், அதுவும் இரவில், நின்றிருந்த வண்டிகள்மீது இன்னொரு மாக்-இ மோதி இருவர் உயிரிழந்தார்கள். நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் ஏப்ரலில் விசாரணையைத் தொடங்கி, 2025 ஜனவரியில் அடுத்த கட்டத்துக்கு உயர்த்தியது.

விசாரணையில் வெளிவந்த தகவல் முக்கியமானது. மணிக்கு 62 மைல், அதாவது சுமார் 100 கிலோமீட்டர் அல்லது அதற்கு மேல் போகும்போது, தொலைவில் நின்றிருக்கும் பொருள்கள் தென்பட்டாலும் அவற்றுக்காகக் கார் பிரேக் போடாதபடி ஃபோர்டு அமைத்திருந்தது. மேம்பாலத்தையும் அறிவிப்புப் பலகையையும் வண்டி என்று நினைத்துக் கார் வீணாக பிரேக் அடித்தால் பின்னால் வருகிறவன் மோதுவான். அதைத் தவிர்க்கச் செய்த ஏற்பாடு இது. பொறியாளர்களின் நியாயம் புரிகிறது. ஆனால் கையை எடுத்து ஓட்டும் சாலைகளில் வேகம் பெரும்பாலும் 100 கிலோமீட்டருக்கு மேலேதான். காரின் கண் மங்கும் வேகத்தில்தான் ஓட்டுநரின் கைக்கும் ஓய்வு கொடுக்கிறோம்.

காவல் என்னும் கடுமையான வேலை

"கையைத்தானே எடுக்கச் சொன்னோம், கண்ணை எடுக்கச் சொல்லவில்லையே" என்பது நிறுவனங்களின் வாதம். காகிதத்தில் இது சரி. ஆனால் வயலை உழுவது வேறு, வயலுக்குக் காவல் இருப்பது வேறு. உழுகிறவனுக்குத் தூக்கம் வராது. ஒன்றுமே நடக்காத காவலில் கண் திறந்திருக்கும், மனம் எங்கோ போய்விடும்.

இதை முறையாகச் சோதித்தவர் நார்மன் மாக்வொர்த். இரண்டாம் உலகப் போரில் ரேடார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த பிரிட்டிஷ் விமானப்படையினர் நீர்மூழ்கிகளின் அடையாளத்தைத் தவறவிட்டது ஏன் என்ற கேள்வியில் பிறந்த ஆய்வு அது. கடிகார முள் போன்ற ஒன்று படிப்படியாக நகரும். எப்போதாவது ஒருமுறை இரண்டு படி தாவும். அதைக் கண்டு சொல்ல வேண்டும். முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே மனிதர்கள் தவறவிடத் தொடங்கினார்கள். 1948இல் வெளியான இந்த முடிவு, நான்கு மணி நேரம் கை கட்டி உட்கார்ந்திருப்பவருக்கு எவ்வளவு பொருந்தும் என்று விளக்க வேண்டியதில்லை. கேமரா விழியைப் பார்க்கிறது. விழிக்குப் பின்னால் நினைவு இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது.

பழகப் பழக நம்பிக்கையும் கூடுகிறது. காப்பீட்டு நிறுவனங்களின் ஆய்வு அமைப்பான ஐஐஎச்எஸ் 2022இல் எடுத்த கருத்துக்கணிப்பில், சூப்பர் குரூஸ் வைத்திருப்பவர்களில் 53 சதவீதம் பேர் காரை முழுத் தானியங்கி போலவே நடத்தத் தயங்கவில்லை என்றார்கள். டெஸ்லா ஆட்டோபைலட்காரர்களில் 42 சதவீதம். கையை எடுக்கவிடாத நிசான் புரோபைலட்டில் 12 சதவீதம்தான். 2024இல் அதே அமைப்பு இப்படிப்பட்ட 14 அமைப்புகளின் பாதுகாப்பு ஏற்பாடுகளைச் சோதித்தது. 11 அமைப்புகளுக்கு 'மோசம்' என்ற மதிப்பெண். அந்த ஆண்டே, பாதித் தானியங்கி ஓட்டம் விபத்துகளைக் குறைப்பதற்குப் பெரிதாகச் சான்றில்லை என்றும் அது சொன்னது. ஆபத்தில் மட்டும் குறுக்கிட்டு பிரேக் போடும் எளிய கருவியோ, பின்னால் மோதும் விபத்துகளைப் பாதியாகக் குறைத்திருக்கிறது.

பொறுப்பு யாருடையது?

கையை எடுக்கவிடும் இந்தக் கார்கள் அனைத்தும் இரண்டாம் நிலைத் தானியங்கிகள், அதாவது ஓட்டுநர் எப்போதும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டியவை. எது நடந்தாலும் சட்டத்தின் கண்ணில் ஓட்டியவர் மனிதரே. ஜெர்மனியில் மெர்சிடிஸ் 2022 மே மாதம் விற்பனைக்குக் கொண்டுவந்த 'டிரைவ் பைலட்' வேறு வழியில் போனது. அப்போது அது 60 கிலோமீட்டர் வேகத்துக்குள், ஆட்டோபான் நெரிசலில் மட்டும் இயங்கியது. ஆனால் அந்த எல்லைக்குள் ஓட்டுநர் சாலையைப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. ஓட்டும் பொறுப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ளப் பத்து நொடி அவகாசம் இருந்தது. வேகம் குறைவு, எல்லை சிறிது, ஆனாலும் நேர்மையான ஒப்பந்தம் அது. வேகத்தைத் தந்து பொறுப்பை ஓட்டுநரிடமே விட்டுவிடும் ஒப்பந்தத்தை விட எனக்கு அது மேலாகப் படுகிறது.

புதிய கார்கள் 62 மைல் வேகம் வரை முன்னால் உள்ள வண்டியில் மோதாமல் தாமாகவே நிற்க வேண்டும் என்று அமெரிக்க அரசு 2024இல் விதி வகுத்தது. 2029 செப்டம்பர் வரை அவகாசமும் தந்தது. நல்ல விதி. ஆனால் கையை எடுக்கவிடும் காருக்கு இது போதாது. எந்த வேகம் வரை கையை எடுக்கலாம் என்கிறார்களோ, அந்த வேகம் வரை நின்றிருக்கும் வண்டியைக் கண்டு நிற்கவும் வேண்டும். முடியாதென்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும். இதை நிறுவனங்களின் நல்லெண்ணத்துக்கு விடாமல் விதியாகவே எழுத வேண்டும்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. 2021இல் மஹிந்திரா எக்ஸ்யூவி700 வந்ததிலிருந்து லேனைப் பிடித்து ஓட்டும் வசதி நம் ஊர்க் கார்களிலும் வந்துவிட்டது. அவை கை ஸ்டியரிங்கில் இருப்பதற்காகச் செய்யப்பட்டவை. தகுதி பார்த்து ஒதுக்கிய சாலை எதுவும் இங்கே அவற்றுக்கு இல்லை. எதிர்த்திசையில் பைக் வரும், மீடியன் இடைவெளியில் ஆள் கடக்கும் சென்னை–திருச்சி சாலையில் கையை விட்டு வீடியோ எடுப்பது உயிரோடு விளையாடுவது.

இந்த வசதி உள்ள காரை வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பகலில், நெரிசல் குறைந்த நேர்ச் சாலையில் தாராளமாகப் பயன்படுத்துங்கள். சாலைப் பணிப் பலகையைப் பார்த்ததுமே, கார் கேட்கும்வரை காத்திராமல் ஸ்டியரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். அரை மணிக்கு ஒருமுறை சிறிது தூரம் நீங்களே ஓட்டுங்கள். இரவில் 100 கிலோமீட்டருக்கு மேல் கையை எடுக்கவே எடுக்காதீர்கள்.