கும்கி அடிக்காத கை

இந்த மார்கழியில் மதியக் கச்சேரிகளைச் சுற்றி வரும் ஓர் இளம் மிருதங்கக்காரரைப் பற்றி சபா கான்டீன்களில் ஒரே தீர்ப்புதான்: "கை நல்ல கை. ஆனா வாசிக்கவே மாட்டேங்கிறார்." காதைத் தீட்டிக்கொண்டு வருகிறவர்களே இப்படிச் சொல்வதுதான் எரிச்சல்.

அவர் எங்கே வாசிக்காமல் விடுகிறார் என்று பாருங்கள். நிரவலில் பாடகி மந்த்ர பஞ்சமத்துக்கு இறங்கி நிற்கிறார். சட்டென்று தொப்பியிலிருந்து இடது கை விலகிவிடுகிறது. வலந்தலையில் மீட்டு மட்டும், அதுவும் சன்னமாக. தொப்பிப் பக்கம் தனி மைக் இருக்கிறது. அந்த நேரத்தில் தொப்பியின் கனத்த ஒலியான கும்கி ஒன்று விழுந்தால் கீழ் ஸ்தாயிக் குரல் அமுங்கிப்போகும். கார்வை முடிந்து பாடகி மேலே கிளம்பும்போதுதான் முதல் கும்கி வருகிறது. சபை பாட்டுக்கு 'பலே' போடுகிறது. அதில் பாதி இவருக்குச் சேர வேண்டியது.

நாமோ தனி ஆவர்த்தனத்தை வைத்து எடை போடுகிறோம். இரண்டு மணி நேரக் கச்சேரியில் தனி மிஞ்சினால் கால் மணி. மீதி நேரமெல்லாம் எங்கே அடிப்பது, எங்கே விடுவது என்ற முடிவுகள்தான்.

சம்மானமும் இதே கோணல் கணக்குதான். பாடகருக்கு ஒரு தொகை, மிருதங்கத்துக்கு அதில் ஒரு துண்டு, கடத்துக்கும் கஞ்சிராவுக்கும் துண்டிலும் துண்டு. மதியத்தில் டிக்கெட் இல்லை என்பதால் கவர் இன்னும் மெலிகிறது. ஆனால் ஒரு கட்டை ஸ்ருதிக்குத் தக்கு மிருதங்கம், ஐந்து கட்டைக்கு ஹெச்சு மிருதங்கம் என்று குறைந்தது இரண்டு வைத்திருக்க வேண்டும். வலந்தலையின் கருப்புச் சாதம் பெயர்ந்தால் மூட்டு மாற்ற வேண்டும். அந்தச் செலவெல்லாம் வாசிப்பவர் தலையில்.

என் ஆரூடம் இது. அடுத்த சீசனில் அவர் 4 மணிக் கச்சேரிக்கு ஏறிவிடுவார். பாடகிகள் அவரைக் கேட்டு வாங்குவார்கள். நேரம் ஏறும், தொகை ஏறாது. ஆன்லைன் வகுப்பும் அமெரிக்க டூரும் அவரை இழுக்கும். சபாக்கள் விழித்துக்கொண்டால் பக்கவாத்தியச் சம்மானத்தைப் பாடகர் பெயரிலிருந்து பிரித்து நிர்ணயிப்பார்கள். இல்லாவிட்டால் மூன்றே சீசனில் அவரும் ஓங்கி அடிக்கப் பழகிவிடுவார். கைதட்டல் கூடும், அழைப்பும் கூடும். பாடகிகள்தான் மந்த்ர ஸ்தாயிக்கு இறங்குவதை விட்டுவிடுவார்கள்.