அரங்கும் அவையும்: பி.பி.சி. மூன்றின் இடப்பெயர்வு குறித்து ஒரு திறனாய்வு

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில், மாதவியின் ஆடலைக் கூறுமுன் ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் ஆகியோரின் இலக்கணத்தை இளங்கோவடிகள் கூறுகின்றார். அதன்பின் அரங்கின் இலக்கணம் வருகின்றது. அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல் என அளவு வகுக்கப்படுகின்றது. தூணின் நிழல் ஆடுமிடத்து வீழாதவாறு விளக்கு அமைக்கப்படுகின்றது. கலை எங்கு நிகழ்கின்றது, எத்தகைய அவையின் முன் நிகழ்கின்றது என்பன கலைக்குப் புறம்பான செய்திகள் அல்ல என்னும் தெளிவு பண்டைத் தமிழருக்கு இருந்தது. அரங்கு மாறின் ஆடல் மாறும். ஆடல் மாறாது நிற்பினும் அவை மாறும். இவ்வுண்மை தொலைக்காட்சிக்கும் பொருந்துமா என்பதற்கு அண்மைக்காலத்தில் ஆங்கில நாட்டில் நிகழ்ந்த ஒரு சோதனை தக்க சான்றாகின்றது.

ஆங்கில நாட்டுக் கலையைக் கீழைக்கரையிலிருந்து நோக்குதல் புதிய முயற்சியன்று. கல்முனைக்கு அணித்தான காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளார், சேக்சுபியரின் நாடகங்களைத் தமிழ் நாடக மரபோடு ஒருங்கு வைத்து ஆராய்ந்து, 1926 ஆம் ஆண்டில் மதங்கசூளாமணியை வெளியிட்டார். பிறர் கலையை அளந்தறிதல் தன் கலையை அறிதற்கு வழி என்பது அந்நூலால் விளங்கும். அவ்வழியிலேயே இச்சோதனையும் நோக்கத்தக்கது.

பி.பி.சி. நிறுவனம் 16 முதல் 34 வயது வரையுள்ளோரைக் கருதி, 2003 பெப்ரவரி 9 ஆம் நாள் ‘பி.பி.சி. மூன்று’ என்னும் அலைவரிசையைத் தொடங்கியது. மாலை 7 மணிக்குப் பின்னரே அதன் ஒளிபரப்பு நிகழும். புதிய எழுத்தாளரும் புதிய நடிகரும் பிழை செய்து பயிலுதற்குரிய களமாக அது விளங்கிற்று. ‘லிட்டில் பிரிட்டன்’, ‘கவின் அன்ட் ஸ்டேசி’ முதலிய நகைச்சுவைத் தொடர்கள் அங்குத் தொடங்கியே பெருமக்கள் அலைவரிசைகளுக்குச் சென்றன. 2014 மார்ச்சு மாதத்தில், செலவைக் குறைத்தற்பொருட்டு இவ்வலைவரிசையை ஒளிபரப்பினின்று நீக்கி இணையத்தில் மட்டும் நடத்தும் எண்ணத்தை நிறுவனம் அறிவித்தது. ஆண்டுக்கு 50 மில்லியன் பவுணுக்கு மேல் மிஞ்சும் என்றும், அதில் 30 மில்லியன் முதலாம் அலைவரிசையின் நாடகங்களுக்குச் செல்லும் என்றும் கூறப்பட்டது. இளைஞர் பலர் எதிர்த்து மனு விடுத்தனர். எனினும் 2015 நவம்பரில் மேற்பார்வைக் குழு இசைவளித்தது; 2016 பெப்ரவரி 16 ஆம் நாள் முதல் அவ்வலைவரிசை வானில் இல்லாதாயிற்று.

இம்மாற்றத்தால் கலை வீழ்ந்ததோ என்பது முதல் வினா. வீழவில்லை என்பதே நேர்மையான விடை. அதே ஆண்டு யூலை மாதத்தில் பீபி வாலர் பிரிட்ஜ் எழுதி நடித்த ‘பிளீபாக்’ இணையத்தில் வெளிவந்தது. 2013 ஆம் ஆண்டில் எடின்பரோ நாடக விழாவில் ஒருவரே நடித்த மேடை நாடகமாகத் தொடங்கியது அது. அதன் தலைவி, பிறருடன் உரையாடிக்கொண்டிருக்கும்போதே முகந்திருப்பி, காண்போனை நோக்கி ஓரிரு சொற் பேசுவாள். கூத்துக் களரியிற் கட்டியகாரனும் காண்போரை நோக்கிப் பேசுவான். ஆனால் அவன் பேசுவது ஊர் முழுவதற்கும். இத்தலைவி பேசுவதோ தனியே இருக்கும் ஒருவரின் செவிக்கு. கைக்குள் அடங்கும் திரையில் ஒருவன் தனித்துக் காணும் காலத்திற்கு இவ்வுத்தி பெரிதும் இயைந்தது. இரண்டாம் பகுதியில், அவளோடு நெருங்கிப் பழகும் பாதிரியார், அவள் இடையிடையே எங்கோ நோக்குவதைக் கண்டு வினவுகின்றார். அவ்விடத்தில் உத்தி என நின்றது அவலமாகின்றது: காண்போனோடு அவள் கொண்ட உறவே, உடனிருப்போரினின்று அவள் ஒளிந்துகொள்ளும் இடம் என்பது வெளிப்படுகின்றது. 2019 ஆம் ஆண்டில் எம்மி விருதுகளுள் சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான விருது இதற்குக் கிடைத்தமை வியப்பன்று.

2017 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘திஸ் கன்ட்ரி’ மற்றொரு சான்று. டெய்சி மே கூப்பர், சார்லி கூப்பர் என்னும் உடன்பிறந்தார் இருவர் எழுதி நடித்த இத்தொடர், இங்கிலாந்தின் கொட்சுவொல்ட்சுப் பகுதியிலுள்ள ஒரு சிற்றூரில் வேலையும் போக்கிடமும் இன்றிக் காலங்கழிக்கும் இரு இளைஞரைக் காட்டுகின்றது. நகைப்பின் அடியில் இரக்கம் ஓடுகின்றது. நகரத்தார் சிற்றூரைக் கண்டு நகைப்பதாக அமையாமல், சிற்றூரார் தம்மையே கண்டு நகைப்பதாக அமைந்தமை இதன் சிறப்பு. 2020 ஏப்பிரலில் 12 பகுதிகளும் ஒருங்கே இணையத்தில் வெளியிடப்பட்ட ‘நோர்மல் பீப்பிள்’ நாடகமும் மிகுந்த வரவேற்பைப் பெற்றது. ஆகவே, ஒளிபரப்பை இழந்தமையால் ஆக்கத்திறன் அழிந்தது என்று கூறுதல் பொருந்தாது.

ஆயின் இழப்பு எங்கு நேர்ந்தது? அவையில் நேர்ந்தது. ஓர் அலைவரிசைக்கு இரு தொழில்கள் உள. ஒன்று ஆக்குதல்; மற்றையது கூட்டுதல். முன்னதற்குப் பணம் வேண்டும், திறமை வேண்டும். பின்னதற்குக் குறித்த நேரமும், யாவரும் அறிந்த இடமும், கதவில்லாத வாயிலும் வேண்டும். 2016 இல் முன்னது காக்கப்பட்டது, பின்னது கைவிடப்பட்டது. நற்றொடர்களை நாடிச் சென்றோர் கண்டனர். நாடாதோர், அதாவது ஏதோவொன்றைக் காணத் தொலைக்காட்சியைத் திறந்து, எதிர்பாராமல் ஒரு நல்ல நாடகத்தின்மேற் கண்வைத்து, இறுதி வரை இருந்துவிடும் இளைஞர், அகன்றனர். தேடிச் செல்வோன் தான் முன்னரே அறிந்ததையே தேடுவான். அறியாததைத் தேடுதல் எவ்வாறு? அறியாததை எதிர்ப்படச் செய்தலே ஒளிபரப்பின் தனிப்பண்பு.

இதனை ஈற்றில் நிறுவனமே ஒப்புக்கொண்டது. 2021 மார்ச்சில் அவ்வலைவரிசையை மீட்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் ‘ஒவ்கொம்’ என்னும் ஒழுங்குறுத்தும் ஆணையம் இசைவளித்தபோது, இலண்டனுக்கு வெளியே வாழ்வோரும் வருவாய் குறைந்த இல்லத்தோருமாகிய இளைஞரை அது சென்றடையும் என்பதனை எடுத்துக்காட்டியது. 2022 பெப்ரவரி 1 ஆம் நாள் மாலை 7 மணிக்குப் பி.பி.சி. மூன்று மீண்டும் வானேறிற்று. இங்கு ஒரு முரண் கருதத்தக்கது. சிற்றூர் இளைஞரின் வறிய வாழ்வைப் பாடிய ‘திஸ் கன்ட்ரி’ வெளிவந்த ஆண்டுகளில், அதனை ஆக்குவித்த அலைவரிசைக்கு அத்தகைய இளைஞரின் இல்லத்துத் தொலைக்காட்சிப் பெட்டியில் இடம் இல்லை.

இளைஞர் தாமே தொலைக்காட்சியை நீங்கிச் செல்கின்றனர். அவர் சென்ற இடத்திற்கு நிறுவனமும் செல்வதில் தவறு என்னை என வினவுவார் உளர். அவர் வினாவில் நியாயம் உண்டு. சென்றதில் தவறில்லை, முன்னிருந்த அரங்கை இடித்துவிட்டுச் சென்றதே தவறு. இவ்வேறுபாட்டை உணர்தற்குத் தமிழ் ஈழத்துக் கூத்து வரலாறே போதிய விளக்கம் தரும். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன், மட்டக்களப்பு வடமோடிக் கூத்தினை மாணவரைக் கொண்டு நவீன மேடைக்குக் கொணர்ந்தார். ‘கர்ணன் போர்’ 1962 இலும், ‘இராவணேசன்’ 1964 இலும் மேடையேறின. விடியும்வரை வட்டக் களரியில் ஆடப்பட்ட கூத்து, சட்டமிட்ட மேடையில் ஒன்றரை மணி நேர அளவிற்குச் சுருங்கிற்று. நாற்புறமும் சூழ்ந்திருந்தோர் ஒருபுறம் அமர்ந்து காணலாயினர். ஆடல் மாறியது, சில இழக்கவும் பட்டன. ஆயினும் களரி கலைக்கப்படவில்லை. படுவான்கரை ஊர்களில் அண்ணாவிமார் தம் மரபில் ஆடுவித்தே வந்தனர். புதிய மேடை புதிய அவையைத் தந்தது. பழைய களரி பழைய அவையைக் காத்தது. ஒன்று மற்றொன்றின் விலையாகவில்லை.

பாண்டிருப்புத் திரௌபதையம்மன் கோயிலும் இவ்வுண்மைக்குக் கரியாகும். பாரதக் கதை அங்கு 18 நாட் சடங்காக ஆண்டுதோறும் நிகழ்கின்றது. வனவாசமும் அருச்சுனன் தவமும் தீமிதிப்பும் தத்தமக்குரிய நாளில் நிகழ, ஊரும் அயலும் கூடுகின்றன. தீமிதிப்பைக் கருவியிற் பதிந்து, வேண்டியபோது ஒருவன் தன் அறையிற் கண்டு மகிழலாம். கடல் கடந்து வாழ்வோருக்கு அது பெரும் பேறே. எனினும் அப்பதிவு இருத்தலால் திருவிழா வேண்டாவென எவரும் கூறார்.

ஆங்கில நாட்டு இளைஞருக்கு நேர்ந்தது இக்கரைக்கு அயலான செய்தியன்று. இலண்டனிலிருந்து 1941 மே 3 ஆம் நாள் தொடங்கிய பி.பி.சி. தமிழோசை, 76 ஆண்டு வரலாற்றின் பின், 2017 ஏப்பிரல் 30 ஆம் நாள் வானொலி ஒலிபரப்பை நிறுத்தியது. தமிழ்ச் சேவை இணையத்திற் தொடர்கின்றது, செய்தி அழியவில்லை. ஆனால் சிற்றலை வானொலிக்கு மின்கலம் ஒன்றே செலவு. இணையத்திற்கோ கருவியும் கட்டணமும் வேண்டும். மேலும், 2018 மார்ச்சிலும் 2019 ஏப்பிரலிலும் இலங்கையில் சமூக ஊடகங்கள் அரசாணையால் முடக்கப்பட்டபோது, அவற்றின் வாயிலாகவே செய்தி பெற்றோர் அவ்வாயிலை இழந்தனர். ஒரே வாயிலை நம்பியிருத்தலின் இடர் அந்நாட்களிற் புலனாயிற்று.

இதனினும் பெரியது மற்றொன்று. பாண்டிருப்புத் தமிழரும் மருதமுனை முசுலிம்களும் அருகருகே வாழ்ந்து ஒரே மொழி பேசுவோர். ஒரே நேரத்தில் ஒரே குரலைக் கேட்டல் இரு சாராருக்கும் பொதுவான ஓர் அவையாக அமையும். தனித்தனித் திரைகளில் அவரவர் விருப்பிற்கேற்பப் பிரித்தளிக்கப்படும் காட்சிகள் எத்துணைச் சிறந்தனவாயினும், அயலான் எதைக் கண்டு நகைத்தான், எதைக் கண்டு கலங்கினான் என்பதை அறிவிப்பனவல்ல. நாளை இத்தீவின் தமிழ் ஒளிபரப்புகளும் செலவு கருதி இணையத்திற்குப் பெயருமாயின், எத்துணை நிகழ்ச்சிகள் எஞ்சும் என்று மட்டும் கணக்கிடுதல் போதாது. எவர் புறத்தே நிறுத்தப்படுவர், எவரோடு எவர் கூடியிருத்தல் ஒழியும் என்பனவும் கணக்கில் இடப்படல் வேண்டும். பி.பி.சி. மூன்று வானினின்று நீங்கி மீள ஆறு ஆண்டுகள் சென்றன. வளமிக்க நிறுவனம் ஆதலின் அது தன் பிழையைத் திருத்திக்கொள்ள இயன்றது. வளங்குன்றிய இடத்தில் ஒருமுறை கலைந்த அவையை மீண்டும் கூட்டுதல் அத்துணை எளிதாகாது.