எந்தக் குரல் நிலைக்கும்?

குரல்வளை முழுவதுமாக அகற்றப்பட்டவருக்குப் பேச்சைத் திருப்பித் தர மூன்று வழிகள் உண்டு: செயற்கை வால்வு, உணவுக்குழாய்ப் பேச்சு, எலக்ட்ரோலாரிங்ஸ் என்ற அதிர்வுக் கருவி. அவற்றில் செயற்கை வால்வே சிறந்தது என்பது மருத்துவர்களிடையே பரவலான கருத்து. அமெரிக்காவில் சிங்கரும் பிளோமும் 1980-இல் வெளியிட்ட முறை இது. மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே துளையிட்டு ஒருவழி வால்வைப் பொருத்துகிறார்கள். கழுத்திலுள்ள மூச்சுத் துளையைக் கட்டைவிரலால் அடைத்தால், நுரையீரல் காற்று வால்வு வழியே போய்த் தொண்டைத் தசையை அதிரவைக்கிறது. அந்த அதிர்வே குரலாகிறது.

பேச்சின் தரத்தை மட்டும் பார்த்தால் இக்கருத்து சரியே. நுரையீரல் காற்று கிடைப்பதால் நீண்ட வாக்கியத்தையும் தடங்கலின்றிச் சொல்லலாம். உணவுக்குழாய்ப் பேச்சில் வாய்வழி உள்ளே தள்ளிய காற்றை ஏப்பம்போல் வெளியேற்றிப் பேச வேண்டும். சில சொற்களிலேயே அது தீர்ந்துவிடும். மாதக்கணக்கில் பழகியும் பலருக்குக் கைவருவதில்லை. கழுத்தில் அழுத்திப் பேசும் எலக்ட்ரோலாரிங்ஸின் ஒலி ஏற்ற இறக்கம் குறைந்தது. கதிர்வீச்சுச் சிகிச்சையில் கழுத்து இறுகியவருக்கு அதிர்வு உள்ளே சரியாகப் போவதும் இல்லை.

ஆனால் வால்வு பொருத்தியதோடு வேலை முடிவதில்லை. நாளும் தூரிகையால் சுத்தம் செய்தாலும் பூஞ்சை படர்ந்து அதன் மடல் மூடாமல் போகும். ஒரு மடக்கு காபி குடித்ததும் இருமல் வந்தால், காபி மூச்சுக்குழாய்க்குள் கசிகிறதோ என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் சில மாதங்களுக்கு ஒருமுறை புது வால்வு தேவைப்படும். இறக்குமதி வால்வின் விலையோ ஆயிரக்கணக்கான ரூபாய். பெங்களூரில் அறுவை மருத்துவர் விஷால் ராவ் உருவாக்கிய மலிவு விலை ‘ஓம்’ வால்வு அந்தச் சுமையை இறக்க வந்தது. மனமாரப் பாராட்ட வேண்டிய முயற்சி. எனினும் மலிவான வால்வும் கசியும். மாற்றத் தெரிந்த கை அருகில் இருக்க வேண்டும்.

குரலை மட்டுமே அளவுகோலாகக் கொள்வதும் தவறு. கழுத்துத் துளை வழியே மூச்சு விடுவதால், உள்ளே போகும் காற்றை மூக்கு இனி ஈரமாக்குவதில்லை, வடிகட்டுவதில்லை. சளி காய்ந்து மூச்சுத் துளையை அடைக்கலாம். ஈரம் காக்கும் வடிகட்டியைத் துளைமேல் அணிந்தால் இருமலும் சளியும் குறையும். மயங்கி விழுந்தால் ஆக்சிஜனைக் கழுத்துத் துளை வழியாகத் தர வேண்டும். மூக்கிலும் வாயிலும் தந்தால் நுரையீரலுக்குப் போகாது. இதைக் குடும்பத்தாருக்குக் கற்றுத்தராமல் வீட்டுக்கு அனுப்பினால் அதை மறுவாழ்வு என்று ஏற்க முடியாது.

ஆகவே, மூச்சுத் துளைப் பராமரிப்பு எல்லோருக்கும் முதலில் வர வேண்டும். வால்வை மாற்றும் மருத்துவமனைக்கு ஒரே நாளில் போய்வர முடிந்தவருக்கு வால்வே சிறந்த தேர்வு. அவரிடமும் ஓர் எலக்ட்ரோலாரிங்ஸ் கைவசம் இருக்கட்டும். அந்த வசதி இல்லாதவருக்கு எலக்ட்ரோலாரிங்ஸும் உணவுக்குழாய்ப் பேச்சுப் பயிற்சியுமே சரியான சிகிச்சை. அவற்றை இரண்டாந்தரம் என ஒதுக்கி, பராமரிக்க வழியில்லாத வால்வைப் பொருத்தி அனுப்புவது அவருக்குச் செய்யும் அநீதி.