திறமை யாருடையது?

நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை இலக்கிய இதழில் விமர்சனத்திற்கு எடுத்துக்கொள்வது முறையா என்று வாசகர் கேட்கக்கூடும். கவிதையைப் போலவே தீர்ப்பும் சொற்களால் ஆனது. கவிதையில் ஒரு சொல் இடம் தவறினால் சுவை கெடும். தீர்ப்பில் ஒரு சொல் இடம் தவறினால் வீடு கெடும். ஆகவே சட்டம் பயின்றவர் மட்டுமல்ல, சொல்லை மதிக்கும் எவரும் தீர்ப்பை வாசிக்கலாம், வாசிக்கவும் வேண்டும்.

நான் வாசிக்க எடுத்துக்கொண்டது, டாக்டர் கே.ஆர். லட்சுமணன் தமிழ்நாடு அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் 1996 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் குல்தீப் சிங், எஸ். சகீர் அகமது ஆகியோர் வழங்கிய தீர்ப்பு. குதிரைப் பந்தயம் சூதாட்டமா, விளையாட்டா என்பதே கேள்வி. திறமை சார்ந்த விளையாட்டே என்பது விடை. கிண்டியின் பந்தயத் திடல் எங்கே, பனியன் தைக்கும் நம் திருப்பூர் எங்கே என்று தோன்றலாம். ஆனால் அத்தீர்ப்பு தாங்கி நின்ற ஒரு சொல் நம் தெருவுக்கே வந்து சேர்ந்திருக்கிறது. அந்தச் சொல் 'திறமை'.

முதலில் வரலாறு. கிண்டியில் 1777 முதலே குதிரைகள் ஓடின. 1896-இல் மெட்ராஸ் ரேஸ் கிளப் அமைந்தது. 1974-இல் மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது, குதிரைப் பந்தயத்தையும் அதன்மீது பணம் கட்டுவதையும் ஒழிக்கும் சட்டம் இயற்றப்பட்டது. 1986-இல் எம்.ஜி. இராமச்சந்திரன் ஆட்சியில் கிளப்பையே அரசு எடுத்துக்கொள்ள இன்னொரு சட்டம் வந்தது. வழக்குகள் இருபது ஆண்டுகளுக்கு மேல் நீண்டன. முடிவில் கிளப் வென்றது. அரசின் கையும் தூய்மையாக இருந்ததென்று சொல்ல இயலாது. 1968-இல் பரிசுச்சீட்டை விற்கத் தொடங்கியதும் அரசே. அந்தச் சீட்டு விற்பனை 2003-இல்தான் தமிழகத்தில் தடை செய்யப்பட்டது. குதிரையைப் பழித்துக்கொண்டே சீட்டை விற்றவர்களின் நீதியுரையில் வலுக் குறைந்திருந்ததில் வியப்பில்லை.

தீர்ப்பின் வாதத்தை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பரிசுச்சீட்டில் எந்த எண் விழும் என்பதை எந்த அறிவாலும் கணிக்க இயலாது. குதிரைப் பந்தயம் அப்படியன்று. குதிரையின் உடற்கூறு, வளர்ப்பு, பயிற்சி, அதன்மேல் ஏறியிருக்கும் ஜாக்கியின் கைத்திறன், குதிரை சுமக்கும் எடை, ஓடவேண்டிய தொலைவு ஆகியவை யாவும் முன்கூட்டியே ஆராய்ந்து மதிப்பிடத்தக்க உண்மைகள். பணம் கட்டுகிறவர் அவற்றை ஆராய்ந்தே கட்டுகிறார். ஆகவே இது வெறும் தற்செயலின் ஆட்டமன்று என்கிறது தீர்ப்பு.

இதில் உண்மையுண்டு. உலகெங்கும் ஓடும் உயர்ரகப் பந்தயக் குதிரைகளின் தந்தைவழி, முன்னூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்ட மூன்றே ஆண்குதிரைகளில் போய் முடிகிறது. அத்தனை தலைமுறைகளாகப் பதிவேடு வைத்து வளர்த்தவர்களின் அறிவைக் குறைத்து மதிப்பிடலாகாது. விடியற்காலையில் லாயத்தைக் கூட்டி, குதிரையின் காலைத் தடவி வீக்கம் உண்டா என்று பார்க்கிற குதிரைக்காரரின் அறிவும் சிறியதன்று. ஐம்பது கிலோவைச் சுற்றித் தன் உடலை அடக்கி, உயிரைப் பணயம் வைத்து ஓட்டுகிற ஜாக்கியின் திறமையை யார் மறுப்பார்?

என் குறை அடுத்த அடியில்தான் தொடங்குகிறது. வளர்ப்பவர், பயிற்றுவிப்பவர், ஓட்டுபவர் ஆகிய மூவருக்கும் உரிய திறமை, வேலிக்கு அப்பால் சீட்டை வாங்கிக்கொண்டு நிற்கும் நான்காமவருக்கும் அதே சொல்லால் வழங்கப்பட்டுவிடுகிறது. ஓடுவதில் உள்ள திறமை வேறு, ஓட்டத்தை ஊகிப்பதில் உள்ள திறமை வேறு. முன்னதில் தோற்றவன் அடுத்த நாள் இன்னும் கடுமையாகப் பழகலாம். பின்னதில் தோற்றவன் பழகுவதற்கு மேலும் பணம் வேண்டும். இலக்கணத்தில் ஒரு சொல் இருபொருள் தருமானால் அதைச் சிலேடை என்று சுவைப்போம். நீதியில் அது நிகழ்ந்தால் அதைப் பிழை என்றே சொல்ல வேண்டும்.

ஐந்தாமவர் ஒருவரும் உண்டு. அவர் குதிரையின் உரிமையாளர். தமிழகத்தில் அப்பெயருக்கு இலக்கணமாக விளங்கியவர், 2015 டிசம்பரில் மறைந்த டாக்டர் எம்.ஏ.எம். ராமசாமி. தொழிலதிபர், ரேஸ் கிளப்பின் தலைவராக இருந்தவர், இந்தியா முழுவதும் பெரும் பந்தயங்களை வென்ற குதிரைகளின் சொந்தக்காரர். தம் குதிரைகளை அவர் மெய்யாகவே நேசித்தார் என்பதை ஐயுற வேண்டியதில்லை. அவருடைய பாட்டனார் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1929-இல் சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் கண்டார். பேரனார் அதன் இணைவேந்தராக நெடுங்காலம் இருந்தார். நிதி நெருக்கடியில் தவித்த அப்பல்கலைக்கழகத்தை 2013-இல் அரசு ஏற்றுக்கொண்டது. அந்த நெருக்கடியையும் குதிரைகளையும் முடிச்சுப் போடுவது நியாயமன்று. ஒரே குடும்பத்தின் செல்வம் இரு வழிகளில் சென்றதை மட்டும் நோக்குவோம். ஒரு வழியின் முடிவில் வெள்ளிக் கோப்பைகள் நின்றன. மற்றொரு வழியின் முடிவில் பட்டம் பெற்ற தலைமுறைகள் நின்றன.

இவ்விரு வழிகளும் ஒரே ஊரில் சேர்வதை அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் காணலாம். அங்குள்ள லெக்சிங்டன் நகரைச் சுற்றிப் பந்தயக் குதிரைப் பண்ணைகள். நகருக்குள் 8 முறை தேசியக் கல்லூரிப் பட்டம் வென்ற பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணி. குதிரைக்குக் கொடுக்கும் கை கூடைப்பந்துக்கும் கொடுப்பது அங்கே வழக்கம். 2009-இல் நிலக்கரிச் செல்வர்கள் சிலர் அந்த அணியின் வீரர்கள் தங்க விடுதி கட்ட 70 லட்சம் டாலர் தர முன்வந்தனர். விடுதியின் பெயரில் நிலக்கரி என்னும் சொல் இடம்பெற வேண்டும் என்பது நிபந்தனை. பல்கலைக்கழகம் இசைந்தது. நிலக்கரிச் சுரங்கங்களால் மலைகள் அழிவதைக் கண்டு எழுதிவந்த உழவரும் எழுத்தாளருமான வெண்டல் பெர்ரி, அந்தப் பல்கலைக்கழகத்தில் தாம் ஒப்படைத்திருந்த கையெழுத்துப் படிகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். கொடை கொடுக்கிறவர் எதை வாங்குகிறார் என்று கேட்கும் உரிமை எழுத்தாளனுக்கு உண்டென்பதற்கு அது ஒரு சான்று.

நம் கொங்கு நாட்டுக்குத் திரும்புவோம். திருப்பூரின் பனியனுக்கு நூல் தந்து வளர்த்தவை கோவையின் பஞ்சாலைகள். அந்தப் பஞ்சாலைச் செல்வத்தில் பீளமேட்டு பி.எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் குடும்பக் கதை நம்மில் பலர் அறிந்தது. 1926-இல் அவருடைய மைந்தர் நால்வரும் சொத்தைப் பங்கிட்டபோது நான்காகப் பிரிக்காமல் ஐந்தாகப் பிரித்தார்கள். ஐந்தாம் பங்கைத் தருமத்திற்கு எழுதிவைத்தார்கள். தருமமும் உடன்பிறந்தான் ஆயிற்று. அதிலிருந்து பள்ளிகளும் கல்லூரிகளும் மருத்துவமனையும் எழுந்தன. பி.எஸ்.ஜி. பெயராலும் நாச்சிமுத்துக் கவுண்டர் பெயராலும் கோவையில் நடைபெற்றுவரும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டிகள், செல்வரின் விளையாட்டுப் பற்று மைதானத்திற்குள் வந்ததன் அடையாளங்கள்.

கூடைப்பந்து 1891-இல் அமெரிக்காவில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி ஒன்றில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் வகுத்த ஆட்டம். ஒரு பந்தும் ஒரு வளையமும் போதும். சைசிங் பட்டறையில் உழைக்கும் தந்தையின் மகன் அந்தத் தளத்தில் இறங்கினால், ஆலை முதலாளியின் மகனைத் தாண்டிப் பந்தை வளையத்தில் இடலாம். அதைக் கண்டு ஒரு கல்லூரி அவனுக்கு இடம் தரலாம்; ஒரு வங்கியோ ரயில்வேயோ விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை தரலாம். கோப்பையில் பொறித்த பெயர் செல்வருடையதாக இருக்கட்டும். திறமை அந்தப் பையனுடையதாகவே நிற்கிறது. இங்கேயும் பெயர்ப்பசி உண்டு, வெளியூர் வீரரை விலைக்குப் பிடிக்கும் ஆசையும் உண்டு. ஆயினும் தோற்றவன் வீட்டில் அன்றிரவு அடுப்பு அணைவதில்லை. பங்கு வைப்பதற்கும் பந்தயம் வைப்பதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

இனி, தீர்ப்பின் சொல் நம் தெருவுக்கு வந்த கதை. ரம்மியையும் திறமை ஆட்டமென்று உச்ச நீதிமன்றம் முன்னமே ஏற்றிருந்தது. 1996 தீர்ப்பு அந்தப் பாதையை அகலப்படுத்தியது. கைப்பேசியில் பணம் வைத்து ஆடும் சீட்டாட்டம் பரவியபோது அதை நடத்திய நிறுவனங்கள் கையில் பிடித்த கேடயம் இதுதான். தமிழ்நாட்டின் தடைச் சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் தள்ளியது. 2022-இல் புதிய சட்டம் வந்தது. 2023 நவம்பரில் அச்சட்டத்தை ஏற்ற அதே நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்களே என்று அவற்றைத் தடையிலிருந்து விலக்கிவிட்டது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் கேள்வியையே மாற்றியது. திறமையோ தற்செயலோ, இணையத்தில் பணம் வைத்து ஆடுவதே கூடாது என்றது அது.

சனிக்கிழமை மாலை திருப்பூரில் சம்பளம் கைக்கு வரும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். வாரம் முழுவதும் ஒன்றரை ஷிப்ட் பார்த்து, ஓவர்லாக் இயந்திரத்தின்முன் குனிந்து உழைத்த இளைஞனின் திறமை எங்கே இருந்தது? அவனுடைய விரல்களில் இருந்தது. அந்த விரல் ஈட்டியதை, அதே விரலால் கண்ணாடித் திரையைத் தொட்டு ஒரே இரவில் அவன் இழந்தபோது, அதற்கும் திறமை என்றே பெயர் சூட்டியிருந்தோம். இழந்தவனைத் திறமையற்றவன் என்றும் சொல்லாமற் சொல்லிவிட்டோம். பணத்தோடு மானத்தையும் அவனிடமிருந்து எடுத்துக்கொண்ட சொல் அது. உயிரையே விட்டவர்களின் செய்திகளை நாம் நாளிதழ்களில் வாசித்திருக்கிறோம்.

வள்ளுவர் சூதுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். அதைப் பொருட்பாலில் வைத்ததும் கருதத்தக்கது. 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, பந்தயம் கட்டுவதைத் தன்னளவில் அநீதி என்று கூறவில்லை. ஒருவர் தமக்கும் பிறருக்கும் வாழ்வுக்குத் தேவையானதைப் பறிகொடுக்கும்போது அது தகாததாகிறது என்று 2413-ஆம் பத்தியில் எல்லை வகுக்கிறது. அந்த அளவுகோலில் திறமை என்ற சொல்லே இல்லை. தேவை என்ற சொல்தான் இருக்கிறது. குதிரை வைத்திருக்கும் செல்வரையும் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் தொழிலாளியையும் அது ஒரே கேள்வி கேட்பதில்லை. மிகுதியிலிருந்து இழப்பதும் வயிற்றிலிருந்து இழப்பதும் ஒன்றல்ல என்று அறிந்த அளவுகோல் அது. தீர்ப்பில் நான் தேடிக் காணாத அறிவு இதுவே.

கிண்டித் திடலின் பிற்காலக் கதையையும் சொல்லி முடிக்கிறேன். 1946 முதல் 99 ஆண்டுகளுக்கு அரசு குத்தகைக்கு விட்ட சுமார் 160 ஏக்கருக்கு ஆண்டு வாடகை சுமார் 614 ரூபாய் என்று எழுதப்பட்டிருந்தது. நகரின் நடுவே உள்ள நிலம் அது. வாடகை உயர்வு பற்றிய நீண்ட வழக்கில், 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் 730 கோடி ரூபாய் நிலுவையைச் செலுத்தச் சொன்னது. 2024 ஜூனில் உதகையின் பந்தயத் திடலையும், அதே ஆண்டு செப்டம்பரில் கிண்டியையும் அரசு தன்வசம் எடுத்துப் பூட்டியது. பூங்கா அமைக்கத் திட்டமிட்டது. வழக்கு நீதிமன்றத்திற்குப் போயிற்று. பூட்டிய கதவுக்கு வெளியே குதிரைக்காரர்களும் ஜாக்கிகளும் நின்றார்கள் என்பதையும் மறக்கலாகாது; மெய்யான திறமை உடையவர்கள் அவர்களே.

அந்த 614 ரூபாயைப் பற்றி நெடுநேரம் எண்ணினேன். செல்வரின் விளையாட்டு அவருடைய சொந்தப் பணத்தில் மட்டும் நடப்பதில்லை. ஊர்ப் பொதுநிலமும் அதற்கு மலிவாகக் கொடுக்கப்பட்டிருந்தது. நம் பங்குகளிலும் ஊர்களிலும் வசதி படைத்தோர் விளையாட்டின்மீது பற்றுக் கொண்டிருக்கிறார்கள். ஏற்றுமதியில் செழித்தவர்கள் கோப்பை வழங்குகிறார்கள், அணிகளுக்குச் சீருடை தைத்துத் தருகிறார்கள். அவர்களைப் பழிப்பது என் நோக்கமன்று. கொடுக்கும்முன் தளத்தில் இறங்கப்போகிறவர் யார் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளும்படி மட்டும் அவர்களிடம் வேண்டுகிறேன். பள்ளி மைதானத்தில் வளையம் துருப்பிடித்து, வலை அறுந்து, ஒரு கம்பம் நின்றுகொண்டிருக்கலாம். ஞாயிறு பூசை முடிந்து, கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு ஓர் இளைஞன் அதனருகே போய் நிற்கலாம். அவன் கையில் ஒரு பந்து இருக்கிறதா என்று கேட்பதிலிருந்து நம் விளையாட்டுப் பற்றுத் தொடங்கட்டும்.