அறிவுரையும் அறிமுகமும்: ‘கர்வாலோ’ நாவலில் இளையோரும் இயற்கையும்

முன்னுரை

இயற்கையைப் பேணும் எண்ணத்தை இளையோர் உள்ளத்தில் விதைக்கும் பொறுப்பு இன்று பெரிதும் பாடநூலிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991ஆம் ஆண்டு சுற்றுச்சூழலைக் கல்வி நிலையங்களில் கட்டாயப் பாடமாக்குமாறு பணித்தது. அதன் தொடர்ச்சியாகப் பல்கலைக்கழக மானியக் குழுவும் இளநிலைப் பட்ட வகுப்புகளுக்குப் பொதுவான பாடத்திட்டம் ஒன்றை வகுத்தது. எனினும், ஓசோன் படலத்தைப் பற்றிப் பிழையின்றி விடை எழுதும் மாணவர் தம் வாயிலில் நிற்கும் மரத்தின் பெயரை அறியாதிருத்தல் கூடும். இந்த இடைவெளியை இலக்கியம் எவ்வாறு எதிர்கொள்கிறது என்னும் வினாவைக் கன்னட எழுத்தாளர் பூர்ணசந்திர தேஜஸ்வியின் ‘கர்வாலோ’ (1980) நாவலை முன்வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆசிரியரும் மைசூரும்

தேஜஸ்வி (1938–2007) கவிஞர் குவெம்புவின் மைந்தர். மைசூர் மகாராஜா கல்லூரியில் பயின்றவர். குவெம்பு 1956 முதல் 1960 வரை மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கினார். ‘மானசகங்கோத்ரி’ என அவர் பெயரிட்ட வளாகத்தை ஒட்டியே குக்கரஹள்ளி ஏரி அமைந்துள்ளது. அவ்வேரிக்கரையில் உலவிய குவெம்புவுக்கு இயற்கை இறைமையின் வெளிப்பாடாகத் தோன்றியது. மைந்தரோ நகரத்தை விட்டு நீங்கி, மூடிகெரெப் பகுதியில் காப்பித் தோட்ட விவசாயியாக வாழ்ந்தார். தந்தை வியந்து வணங்கிய காட்டை மைந்தர் நுணுகி நோக்கினார். கன்னட இலக்கியத்தில் இயற்கை பற்றிய பார்வை ஒரு தலைமுறைக்குள் அடைந்த மாற்றத்தை இவ்விருவரிடத்தும் காணலாம்.

மந்தண்ணன் என்னும் மாணவன்

வேளாண்மையில் சலிப்புற்ற ஒரு விவசாயி கதையைக் கூறுகிறார். கர்வாலோ ஓர் அறிவியலறிஞர். ஊரார் பொருட்படுத்தாத மந்தண்ணன் என்னும் இளைஞனிடம் அவர் பெருமதிப்புக் கொண்டுள்ளார். தேனீக்களின் போக்கையும் காட்டுயிர்களின் இயல்பையும் அறிந்த அவனைப் பிறவியிலேயே இயற்கையியலாளன் என அவர் கருதுகிறார். அவன் கண்டதாகக் கூறும் பறக்கும் ஓணானைத் தேடி ஒரு குழு காட்டுக்குள் செல்வதே கதையின் மையமாகும்.

இங்கு ஆசிரியர்–மாணவர் உறவு தலைகீழாகிறது. பட்டம் பெற்றவர் பின்தொடர, பள்ளிக் கல்வியால் அளக்க முடியாத ஒருவன் வழிகாட்டுகிறான். ‘காட்டைக் காப்பாற்று’ என்று அவனுக்கு எவரும் அறிவுரை கூறவில்லை. அவன் கண்டது உண்மை என ஒருவர் நம்பியதே அவனுக்குக் கிட்டிய ஊக்கமாகும். இளையோரை இயற்கையோடு இணைக்கும் வழி அவர்தம் நோக்கை மதிப்பதில் தொடங்குகிறது என்பது நாவல் உணர்த்தும் கருத்தாகும்.

ஓதியும் ஓந்தியும்

கன்னடத்தில் ‘ஓதி’ எனப்படும் இவ்வுயிர் தமிழில் ஓந்தி, ஓணான் என வழங்கும். குறுந்தொகையின் 140ஆம் பாடலிலும் ‘ஓதி’ என்னும் சொல்லே ஆளப்படுகிறது. பாலை வழியில் நிமித்தம் காட்டும் அவ்வுயிரின் முதுகை வாளின் பல்வரிசைக்கு ஒப்பிடுகிறார் அள்ளூர் நன்முல்லையார். உயிரை அணுகி நோக்கியவரே இத்தகைய உவமையைக் கூற இயலும். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 99 மலர்களைப் பெயர் சுட்டி அடுக்குவதும் இந்நோக்கின்பாற் பட்டதே. பெயர் அறிதல் உறவின் முதற்படி என்பதைத் தமிழ் மரபு நன்கு உணர்ந்திருந்தது.

தற்காலத் தமிழில் இம்மரபைத் தொடர்ந்தோருள் மா. கிருஷ்ணன் (1912–1996) குறிப்பிடத்தக்கவர். சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்த ‘மழைக்காலமும் குயிலோசையும்’ நூலில் உள்ள அவர்தம் கட்டுரைகள் அண்டையில் வாழும் உயிர்களையும் உற்று நோக்குகின்றன. ஆயின் சிறார்க்கென எழுதப்படும் சூழலியல் கதைகள் பல இம்முறையைக் கைக்கொள்வதில்லை. பெயரற்ற ‘மரம்’ அழுகிறது. பெயரற்ற ‘பறவை’ முறையிடுகிறது. இறுதியில் ஒரு மரக்கன்று நடப்படுகிறது. இக்கதைகளைப் படிக்கும் சிறாருக்கு இரக்கம் பிறக்கலாம், அறிமுகம் வாய்ப்பதில்லை.

நாவலின் முடிவும் குறையும்

தேடிச் சென்றவர்கள் பறக்கும் ஓணானைக் காண்கின்றனர். எனினும் அது அவர்கள் கைக்கு அகப்படாமல் பள்ளத்தாக்கின் வெளியில் மிதந்து மறைகிறது. விலா எலும்புகள் தாங்கும் தோலை விரித்து மரத்திற்கு மரம் சறுக்கிச் செல்லும் இவ்வுயிர் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் உண்மையாகவே வாழ்கிறது. பிடிபடாத உயிரைத் தோல்வியின் சின்னமாக நாவல் காட்டவில்லை. உடைமையாக்காமல் ஒன்றை விரும்பக் கற்பதே சூழலியல் அறத்தின் அடிப்படை என்பதை எவ்வித அறிவுரையுமின்றி அம்முடிவு நிறுவுகிறது.

நாவலுக்குக் குறைகளும் உண்டு. தேடற்குழுவில் பெண் எவரும் இலர். விறகும் கீரையும் தேடிக் காடு புகும் பெண்களின் அறிவு கதைக்குள் இடம்பெறவில்லை. மேலும், மந்தண்ணனுக்குக் காடு வீட்டருகே இருந்தது. நகரத்து இளைஞனுக்கு அவ்வாய்ப்பு எங்கே என்னும் வினாவும் எழுகிறது.

இவ்வினாவுக்கு மைசூர் நகரமே ஒருவாறு விடையளிக்கிறது. குக்கரஹள்ளி ஏரியும் சாமுண்டி மலையும் மாணவர்க்கு எட்டும் தொலைவில் உள்ளன. காரஞ்சி ஏரிக்கரையில் 1995 முதல் வட்டார இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் இயங்கி வருகிறது. பறவைகளுக்குப் பெயர்பெற்ற ரங்கன்திட்டு, சாலிம் அலியின் முயற்சியால் 1940ஆம் ஆண்டு சரணாலயமாயிற்று. ஆதலின் காண்பதற்கு உரிய இடங்கள் இல்லை எனல் பொருந்தாது. உடன் சென்று காட்டுவோரே அரியர்.

முடிவுரை

சூழலியல் கல்வி அறிவுரையாக அமையும்போது தேர்வோடு முடிகிறது. அறிமுகமாக அமையும்போது வாழ்நாள் உறவாகிறது. ‘கர்வாலோ’ இவ்வுண்மையைக் கதையின் அமைப்பாலேயே புலப்படுத்துகிறது. திணைக் கோட்பாட்டை வகுப்பறையில் கற்பிக்கும் தமிழ்த்துறைகள், கருப்பொருள்களை நேரில் காட்டும் பயிற்சியையும் பாடத்தின் பகுதியாக்குதல் வேண்டும். ஓதியைக் கண்டிராத மாணவருக்குக் குறுந்தொகைப் பாடலும் முழுமையாக விளங்காது. இயற்கையை இழக்கும் தலைமுறை தன் இலக்கியத்தின் பொருளையும் உடன் இழக்கும் என்பது எண்ணத்தக்கது.