எல்வின் ஏன் போனார்: ஒரு கேள்வியின் அரசியல்

எம்.ஏ. முடித்த கையோடு ஜவ்வாது மலையில் ஓர் இரவுப் பள்ளியில் இரண்டு வருஷம் பாடம் சொல்லிக்கொடுத்தேன். போன முதல் வாரமே ஒரு கிழவி கேட்டார்: ‘ஏன் சாமி, கீழ பொழைக்க வழியில்லியா?’ என்னிடம் பதில் இருந்தது, அதுவும் தத்துவார்த்தமான பதில். சொல்லியிருந்தால் அவருக்குச் சிரிப்பு வந்திருக்கும். வெரியர் எல்வினின் சுயசரிதையை இப்போது மறுபடி வாசிக்கும்போது அந்தக் கிழவிதான் குறுக்கே வந்து நிற்கிறார்.

வசதியான இடத்தை விட்டு வறிய இடத்துக்குப் போகிறவரைப் பற்றி நம்மிடம் இரண்டு கதையாடல்கள்தான் தயாராக இருக்கின்றன. ஒன்று தியாகம்; மற்றது காலனியச் சூழ்ச்சி. எல்வினுக்கு இரண்டையும் போர்த்திப் பார்த்தாகிவிட்டது. 1902இல் டோவரில் பிறந்து, ஆக்ஸ்போர்டில் படித்து, 1927இல் சமய ஊழியராக இந்தியா வந்தவர். 1932 முதல் மத்திய இந்தியாவின் மைகால் மலைப்பகுதியில் கோண்டு, பைகா மக்களிடையே வாழ்ந்தவர். இந்தியாவுக்கு வந்ததற்கு அவரே சொல்லும் காரணம் கழுவாய். இந்தியாவிடமிருந்து எடுத்துக்கொண்டவர்களின் வீட்டிலிருந்து ஒருவனாவது கொடுக்க வரவேண்டும் என்பது. அழகான காரணம்தான். ஆனால் அதைக் குலைக்கிற செய்திகள் அவர் வாழ்க்கையிலேயே கிடக்கின்றன. அப்பா சியரா லியோனில் பிஷப். ஆக, ஏழை நாட்டுக்குப் போகிற பாதை வீட்டிலேயே போட்டு வைத்திருந்தது. கோண்டு மக்களிடம் போகலாமே என்று யோசனை சொன்னவர் ஜம்னாலால் பஜாஜ். 1932இல் இங்கிலாந்து போய்விட்டுத் திரும்ப, அரசியலில் கலந்துகொள்வதில்லை என்று எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது. காட்டிலேயே அவர் நிலைத்ததில் அந்தக் கையெழுத்துக்கும் பங்குண்டு என்றே நான் வாசிக்கிறேன். தேர்வு என்று நாம் சொல்வதில் பாதி, பின்னால் எழுதிச் சேர்த்தது.

சரி, அப்படியானால் எல்வினைக் கட்டிவைத்துவிடலாம் என்று சில தோழர்கள் கிளம்பலாம். அவ்வளவு சுலபமில்லை. ‘பைகா’ (1939) நூலைப் படித்துப் பாருங்கள். மரங்களை வெட்டி எரித்துச் சாம்பலில் விதைக்கிற பேவர் சாகுபடியை அரசு ஒடுக்கிக் கலப்பையைத் திணித்தது. பூமித்தாயின் மார்பைக் கலப்பையால் கிழிப்பது பாவம் என்றார்கள் பைகாக்கள். நம் முற்போக்காளர்களில் பலர் இதை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். எல்வின் அதை ஒரு வாழ்முறையின் தர்க்கமாகப் பார்த்து, வனச் சட்டத்துக்கு எதிராக வாதாடினார். இதை லண்டன் நூலகத்தில் உட்கார்ந்து எழுதியிருக்க முடியாது. திருச்சபைக்கும் அவருக்கும் இருந்த உறவும் இதற்குள் முறிந்துபோயிருந்தது. போய் இருந்ததால் மட்டுமே கிடைத்த அறிவு இது; இதை மறுப்பது நேர்மையில்லை.

என் சிக்கல் வேறு. ‘ஏன் போனார்’ என்ற கேள்வி யாரிடம் கேட்கப்படுகிறது? ஷாம்ராவ் ஹிவாலேயும்தான் புனேயை விட்டுக் காட்டுக்குப் போனார். எல்வின் சுற்றுப்பயணம் போனபோதெல்லாம் பள்ளியையும் மருந்தகத்தையும் பார்த்துக்கொண்டவர் அவர். பர்தான்கள் பற்றி 1946இல் நூலும் எழுதினார். அவரை யாரும் ஏன் போனாய் என்று கேட்டு ஒரு புத்தகம் எழுதியதாகத் தெரியவில்லை. அவர்தான் எல்வினைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார்! இழக்க நிறைய இருப்பவரின் இடப்பெயர்வுதான் பிரதியாகிறது. மற்றவர்கள் சும்மா கூடப் போனவர்கள்.

அடுத்தது கோசி. எல்வின் நடத்திய பள்ளியில் படித்த ராஜ்கோண்டுப் பெண். 1940இல் அவரைக் கல்யாணம் செய்துகொண்டபோது எல்வினுக்கு முப்பத்தேழு வயது. கோசிக்கோ சிறுமி என்றே சொல்ல வேண்டிய வயது. மூரியாக்களைப் பற்றிய பெரிய நூலுக்காக எல்வின் பஸ்தரில் இருந்த காலத்தில் கோசி கூட இருந்தார். 1949இல் கல்கத்தா உயர்நீதிமன்றத்தில் ஒருதலைப்பட்சமாக மணவிலக்கு. சுயசரிதையில் இந்த உறவை எல்வின் சில வரிகளில், வலியும் தோல்வியும் என்று சொல்லித் தாண்டிப் போகிறார். பழங்குடிகளின் காதல், மணம், மணமுறிவு பற்றி நூற்றுக்கணக்கான பக்கங்கள் எழுதியவர்! அந்த வலி பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அங்கே மௌனம் அவருடைய உரிமையாக இருக்கிறது. கோசிக்குப் பேசவோ பேசாமலிருக்கவோ பக்கமே இல்லை. போனவர் அங்கிருந்து திரும்பவும் கிளம்ப முடியும் என்பதுதான் அந்தச் சில வரிகளுக்குள் அடங்கியிருக்கிறது. தியாகம், சூழ்ச்சி என்ற இரண்டு கதையாடலுமே இதைப் பார்ப்பதில்லை, இரண்டுக்கும் அவர்தான் நாயகன் என்பதால்.

1954இல் எல்வின் வடகிழக்கு எல்லைப்புற நிர்வாகத்தின் பழங்குடி ஆலோசகராக ஷில்லாங் போனார். அதே வருஷம் இந்தியக் குடிமகனுமானார். 1964இல் இறந்தார். சுயசரிதைக்குச் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. 2006இல் பத்திரிகைக்காரர்கள் தேடிப்போனபோது கோசி ரைத்வார் கிராமத்தில் ஒரு குடிசையில் இருந்தார்.

இரண்டு வருஷம் முடிந்து நான் மலையிலிருந்து இறங்கின அன்றைக்கு அந்தக் கிழவி ஒன்றும் கேட்கவில்லை. பஸ் வருகிறவரை கூட நின்றார். என் நோட்டுகளை இப்போது புரட்டிப் பார்த்தேன். அவர் சொன்ன விடுகதைகள் பதினான்கு இருக்கின்றன, அவர் பேர் இல்லை.