வட்டத்துக்குள் இருவர்

ஏழெட்டுப் பேர் வட்டமாக நிற்கிறார்கள், நடுவில் இருவர். வெளியே நிற்பவர்கள் பெரும்பாலும் ஒரே தொடுதலில் பந்தைக் கைமாற்ற (காலுக்கு வேறு சொல் இல்லையே!) வேண்டும், தவறவிட்டவர் நடுவே போய்த் துரத்த வேண்டும். பார்சிலோனா கால்பந்துக் கழகத்தின் லா மாசியா பயிலகத்துப் பொடியன்கள் சலிக்காமல் ஆடும் ‘ரோண்டோ’ இதுதான்.

எனக்குப் பிடித்தது கால் வேலையல்ல, கழுத்து வேலை. பந்து வருமுன்பே பையன் தோளுக்கு மேல் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிடுகிறான். 11 வயதில் அங்கே சேர்ந்த நடுக்கள ஆட்டக்காரர் சாவி, பெரிய ஆட்டங்களிலும் அப்படித்தான் தலையைத் திருப்பிக்கொண்டே இருந்தார். உலகின் சிறந்த கால்பந்து வீரருக்கான 2010 பாலோன் தோர் விருதின் முதல் மூவர் மெஸ்ஸி, இனியெஸ்டா, சாவி. மூவரும் அந்தப் பயிலகத்தில் வளர்ந்தவர்கள்.

நடுவில் மாட்டிக்கொண்டவனின் கால்களுக்கிடையே பந்து நழுவினால் வட்டமே கெக்கலி கொட்டுகிறது.